சாணி மெழுகிய களமும் சந்தாங்கேணிப் புழுதியும்

"டென்னிஸா? அது கொழும்புத் துரைமாரின் ஆட்டம். நமக்கு எதற்கு?"

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் இந்தப் பேச்சை எடுத்தால் வந்து விழும் விடை இதுதான். படித்த உத்தியோகத்தரும் இதையே சொல்கிறார். வட்டையிலிருந்து வீடு திரும்பும் கமக்காரரும் இதையே சொல்கிறார். இவ்விருவரும் ஒரே குரலில் பேசும்போது உள்ளூர மகிழ்பவர் மூன்றாமவர் ஒருவர் உண்டு. மேடையேறி வாக்குக் கேட்டு, மேடையிறங்கியதும் நம்மை மறந்துவிடும் அரசியல்வாதியே அவர். கேட்காதவனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

துரைமாரின் ஆட்டம் என்ற இந்தக் கூற்று உண்மைதானா? ஒரு முஸ்லிம் பெண்பிள்ளையின் இளமைக்காலத்தை எடுத்துப் பார்ப்போம்.

சானியா மிர்சா 1986ஆம் ஆண்டு பிறந்தவர். வளர்ந்த ஊர் ஐதராபாத். செல்வக் கோமான் வீட்டுப் பிள்ளையல்லர். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை. ஆறு வயதில் மட்டை பிடித்தார். தந்தை இம்ரான் மிர்சாவே பயிற்றுநருமானார். அந்த நாளில் அவர் ஓடியாடிய களம் எது? சீமையிலிருந்து வந்த பளபளக்கும் தளமா? சாணி மெழுகிய மண் களம்! இதனைச் சானியாவே பல தடவை சொல்லியிருக்கிறார். நம் கமக்காரரின் நெற்களத்துக்கும் அந்தக் களத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு? எண்ணிப் பாருங்கள்.

அந்தச் சாணிக் களத்திலிருந்து புறப்பட்ட பிள்ளை 2003இல் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டத்தை ருசியத் தோழி அலிசா கிளைபனோவாவுடன் சேர்ந்து வென்றார். 2005 தைத் திங்களில் அவுஸ்திரேலியப் பெரும் போட்டியின் மூன்றாம் சுற்றுவரை சென்று, செரீனா வில்லியம்சிடம் தோற்றார். மறு மாதமே பிறந்த நாட்டில், தம் ஐதராபாத் நகரிலேயே, உலக மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தை வென்றார். இந்தியப் பெண்ணொருத்தி அப்பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை. அவ்வாண்டு அமெரிக்கப் பெரும் போட்டியில் நான்காம் சுற்று. ஆண்டு முடிவில் உலக வரிசையில் 31ஆம் இடம். அப்போது அவருக்கு வயது 19.

அதே 2005 தைத் திங்களில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? ஆழிப்பேரலை அள்ளிச் சென்ற நம் பிள்ளைகளுக்காக அழுதுகொண்டிருந்தோம். அன்று விளையாட்டை எண்ண நமக்கு நேரமில்லை, அது நியாயம். ஆனால் அதன் பின் இருபது ஆண்டுகள் உருண்டோடிவிட்டனவே! கட்டடங்கள் எழுந்தன. கட்டடத்துக்குக் கட்டடம் பெயர்ப்பலகைகளும் எழுந்தன. வீட்டுக்கு அருகே ஒரு பிள்ளை, குறிப்பாக ஒரு பெண்பிள்ளை, மட்டையோடு சென்று முறையாகப் பயில ஒரு பொதுக் களம் வேண்டுமென்று எந்தத் தேர்தல் அறிக்கையாவது சொல்லிற்றா?

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"உரத்துக்கே வழியில்லை, விளையாட்டா கேட்கிறாய்?" என்பது கமக்காரர் கேள்வி. 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தை நிறுத்தி நம் வயல்களை வாடவிட்ட கொடுமையை மறந்தவர் எவருமில்லை. ஐயா, உரத்துக்காகக் கேட்கும் வாய் பிள்ளைக்காகவும் கேட்கலாம். ஒன்றைக் கேட்டால் மற்றொன்று குறையும் என்று நமக்குப் போதித்தவர் யார்? கொழும்பில் களம் அமைத்தபோது அங்குள்ளோரிடம் எவரும் இக்கேள்வியைக் கேட்டதில்லை.

நிலம் எவ்வளவு வேண்டும்? டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. இரட்டையர் ஆட்டத்துக்கு அகலம் 36 அடி. நாற்புறமும் ஓடியாடும் இடத்தைச் சேர்த்தால் 120 அடிக்கு 60 அடி போதும். அதாவது 26 பேர்ச்சுக்குச் சற்று மேல். ஓர் ஏக்கரில் ஆறு களம் அமைக்கலாம்! சேனநாயக்க சமுத்திரத்து நீர் பாயும் இந்த மாவட்டத்தில் ஓர் ஏக்கர் கிடைக்காதா?

"பிள்ளைக்குப் படிப்புத்தான் முக்கியம்" என்பது உத்தியோகத்தர் வாதம். யார் மறுத்தார்? சானியாவும் ஐதராபாத் நஸ்ர் பள்ளியில் பாடம் படித்துக்கொண்டேதான் பந்தடித்தார். காலையில் பாடசாலை, மாலையில் டியூசன், இரவில் மீட்டல் என்று பிள்ளையின் முதுகை வளைத்துவிட்டு, முப்பது வயதில் நீரிழிவு வந்ததென்று வைத்தியசாலை வரிசையில் நிற்கச் செய்வதா கல்வி?

மூன்றாவது வாதம், உடை. சானியா புகழேணியில் ஏறிய 2005ஆம் ஆண்டிலேயே அவருடைய உடையைக் கண்டித்துக் குரல் எழுந்தது; கொல்கத்தாப் போட்டியின்போது காவல் போட வேண்டிய நிலையும் வந்தது. பதினெட்டு வயதுப் பெண்ணின் மீது எவ்வளவு பெரிய பாரம்! நாணத்தை மதிக்கும் சமூகம் நாம், அதில் ஐயமில்லை. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டியில் ஓடினார்கள் என்ற செய்தி ஹதீஸில் இருப்பதை அறிந்தவர்களும் நாமே. உடைதான் தடையென்றால் களத்தைச் சுற்றி மதில் எழுப்புங்கள். பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்குங்கள். பெண் பயிற்றுநரை நியமியுங்கள். இவற்றுள் ஒன்றையும் செய்யாமல் உடையை மட்டும் பேசுவோருக்கு உண்மையில் உடையைப் பற்றிய கவலைதானா என்று கேட்கத்தான் வேண்டும்.

துனீசியாவைப் பாருங்கள். அதுவும் முஸ்லிம் நாடு; செல்வத்தில் புரளும் நாடன்று. அங்கே 1994இல் பிறந்த ஒன்ஸ் ஜாபர், ஊரில் போதிய களமின்றி, அருகிலிருந்த விடுதிகளின் களங்களில் பயின்றார். திறமை கண்ட அரசு, தலைநகரிலிருந்த தேசிய விளையாட்டுப் பாடசாலையில் அவரைச் சேர்த்தது. 2011இல் பிரெஞ்சு இளையோர் பட்டம். 2022இலும் 2023இலும் விம்பிள்டன் இறுதியாட்டம். பிள்ளையிடம் திறமை இருந்தது. நாட்டிடம் ஏற்பாடு இருந்தது. நம்மிடம் இல்லாதது இவ்விரண்டில் எது?

தமிழகத்து இராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றது 1954இல். தமிழ் பேசும் கைக்கு இந்த மட்டை புதிதன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். தொழில்முறை டென்னிஸ் கரடுமுரடான பாதை. அடிமட்டத்திலுள்ள 15,000 டொலர் போட்டியில் வென்றவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2,000 டொலர். முதற்சுற்றில் தோற்றவருக்கு 150 டொலர் அளவே. விமானச் சீட்டுக்கும் அது காணாது. 2013ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்த உலக டென்னிஸ் சம்மேளனம், ஆண்களில் 336 பேரும் பெண்களில் 253 பேருமே வரவும் செலவும் சரிக்கட்டும் நிலையில் இருந்ததாகக் கண்டது. ஆகவே வயலை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்புங்கள் என்று நாம் எவருக்கும் சொல்லமாட்டோம். அந்தச் சுமையைத் தனியொரு குடும்பம் தாங்க முடியாது என்பதனாலேதான் பொதுப்பணத்தைக் கேட்கிறோம். நூறு பிள்ளைகள் ஆடினால் தொண்ணூற்றொன்பது பேர் நல்ல உடலோடும் நிமிர்ந்த நெஞ்சோடும் உத்தியோகத்துக்கோ உழவுக்கோ போவர். ஒருத்தி உலகுக்குப் போகட்டும்! அந்த ஒருத்தி யாரென்று, மட்டையே கையில் கொடாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

முடியுமா என்று ஐயுறுவோருக்கு ஒலுவிலைக் காட்டுகிறோம். இக்கரையில் பல்கலைக்கழகமா என்று நகைத்தவர்களும் உண்டு. மர்ஹூம் அஷ்ரஃப் அவர்கள் கேட்டார். மக்கள் பின்னால் நின்றனர். 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. அடுத்த ஆண்டே அது பல்கலைக்கழகமாயிற்று. கேட்டதனால் வந்தது. கேளாதிருந்தால் இன்றும் வந்திராது.

ஆகவே நம் கோரிக்கை இதுதான்: இக்கரையோரத்தின் ஒவ்வொரு பிரதேசத்திலும் எல்லோருக்கும் உரிய ஒரு டென்னிஸ் களம், சம்பளம் பெறும் பயிற்றுநர் ஒருவர், பெண்பிள்ளைகளுக்குக் காப்பும் தனி நேரமும், செலவுக் கணக்கு மக்கள் பார்வைக்கு. தமிழரென்றும் முஸ்லிமென்றும் கதவில் எழுத வேண்டாம்; பந்து இரு பக்கமும் போய்வருவது போலப் பிள்ளைகளும் போய்வரட்டும்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் சந்தாங்கேணி மைதானத்தில் மேடை போடுவார். மாலை போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, எங்கள் மகளுக்குக் களம் எங்கே?"

விடை வரும்வரை மாலை கையிலேயே இருக்கட்டும்!