வலிப்பை எண்ணினால் போதுமா?

"இந்த மாதம் எத்தனை முறை வந்தது?" என்கிறார் டாக்டர். "இரண்டு" என்கிறாள் தாய். மாத்திரைச் சீட்டு கைக்கு வருகிறது. முடிந்தது!

முடிந்ததா, தோழர்களே? வகுப்பில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஆள் உண்டா? விளையாட்டில் சேர்க்கிறார்களா? இதை யார் கேட்டார்கள்? டாக்டரைக் குறை சொல்லவில்லை; அவர் முன் நிற்கும் வரிசை அவ்வளவு நீளம்.

வலிப்பு, மூளையின் மின்னோட்டக் கோளாறு. பேயுமல்ல, பாவமுமல்ல. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அடங்கும். பெயர் வாங்குவதோ கையில் திணித்த சாவிக்கொத்து! முறையான சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால், மனச்சோர்வும் அச்சமும் இப்பிள்ளைகளிடம் மற்றவரைவிட மிகுதி. வலிப்பு நின்றாலும் அவை நின்றுவிடுவதில்லை. சில மாத்திரைகளே எரிச்சலை உண்டாக்கும். அதற்குத் "திமிர்" என்று பெயரிட்டு அடிக்கிறோம்!

இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு 1999-இல் நீக்கப்பட்டது. நம் திண்ணைகளிலிருந்து இன்னும் நீங்கவில்லை. தோழர்கள் வீட்டுத் திண்ணையையும் சேர்த்தே சொல்கிறோம்.

பிள்ளையின் மனநிலையையும் பழகும் நிலையையும் அறிய, 25 கேள்விகள் கொண்ட படிவம் தமிழிலேயே இருக்கிறது. பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, 11 வயதான பிள்ளைக்கே ஒன்று. தாய் அறியாததைப் பிள்ளை சொல்லும். ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் ஆண்டுக்கொரு முறை இதை நிரப்பச் செய்க என்று கேட்கிறோம். செலவு? மூன்று தாள்!