சாயல்குடிக் கருப்பட்டிக்கும் ஒரு பெயர் வேண்டும்

பிரான்சில் ஒயினை ஊர்ப் பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். போர்தோ, பர்கண்டி, ஷாம்பேன் எல்லாமே வட்டாரப் பெயர்கள். அந்தந்த மண்ணில் விளைந்த திராட்சையில், விதிப்படி செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். இதற்காக 1935-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நமக்குத் திராட்சை வேண்டுமென்றால் கம்பம் வரை போக வேண்டும். ஆனால் மண்ணின் ருசியை இறக்கித் தர நம்மிடம் பனை இருக்கிறது.

சாயல்குடி, நரிப்பையூர், மாரியூர் பக்கம் பாருங்கள். கடலை ஒட்டிய மணல். நம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே பெய்து முடிந்துவிடும். அந்தத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. கடற்கரையில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறோமே, அதே தண்ணீர்தான். பனையின் வேர் அதைக் குடித்துத்தான் கோடையைத் தாண்டுகிறது. நெல்லுக்குப் போதாத மண் பனைக்குப் போதும்.

பாளை சீவுவது மாசி, பங்குனி முதல் ஆனி வரை. வானம் வெளுத்து, காற்றில் ஈரமில்லாத காலம். மழை விழுந்தால் கலயத்தில் தண்ணீர் கலந்து பதநீர் நீர்த்துப்போகும். காய்ச்ச விறகும் கூடுதலாகும். (விறகுக்குச் சீமைக் கருவேலம். அந்தச் சனியனால் கிடைத்த ஒரே நன்மை இதுதான்.) கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளுக்கு 1987 முதல் தடை; அந்தச் சண்டைக்கு நான் இப்போது வரவில்லை.

என் பேச்சு கருப்பட்டி பற்றித்தான். ஒரு கிலோவுக்கு எட்டு, பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அதற்காக ஒரு மனிதர் காலையும் மாலையும் மரம் ஏறி இறங்க வேண்டும். கடையிலோ சீனிப் பாகு கலந்த வட்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது. நாமும் அதைத்தான் வாங்குகிறோம். பேரம் பேசி வேறு வாங்குகிறோம்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம் நம் முண்டு மிளகாய்க்கும் கிடைத்தது. சாயல்குடிச் சரக்குக்கு மட்டும் ஏன் கூடாது? "குறியீடு வந்தால் மரம் ஏற ஆள் வந்துவிடுமா?" என்று கேட்பார்கள். ஓலையில் சீல் குத்தினால் மட்டும் வராதுதான். ஆனால் பெயர் இருந்தால் கலப்படக்காரனைத் தட்டிக் கேட்க சட்டம் இருக்கும்; விலை நிற்கும்; விலை நின்றால் பையன்களில் சிலராவது அரிவாளை எடுப்பார்கள். இப்போது ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் நம் வயதுக்காரர்கள்.

கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் சீவ ஆளில்லாத மரம் எத்தனை நாள் செங்கல் சூளைக்குத் தப்பும்? பனைத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து விண்ணப்பம் போட வேண்டும். எந்தக் கிராமத்து மணல், எந்த மாதம் இறக்கியது, சீனி கலக்கவில்லை என்பதற்கு என்ன சோதனை என்று மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நரிப்பையூரில் இருக்கிறார்கள்.