மாரத்தான் வேகத்தைத் தீர்மானிப்பது நுரையீரல் மட்டும்தானா? உடலியல் ஆய்வுகள் கூறுவது என்ன?

புதுடெல்லி: மாரத்தான் ஓட்டத்தில் இந்திய வீரர்கள் பின்தங்குவது ஏன் என்ற கேள்வி எழும்போதெல்லாம், கிழக்கு ஆப்பிரிக்க வீரர்களின் நுரையீரல் வலிமையே முதல் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால், உடலியல் ஆய்வுகள் வேறு விடையைத் தருகின்றன. முன்னணி வீரர்களிடையே வெற்றி தோல்வியைப் பெரிதும் தீர்மானிப்பது, பெற்ற ஆக்சிஜனை உடல் எவ்வளவு சிக்கனமாக, எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறது என்பதே.

கிலோமீட்டருக்கு 16 வினாடி

1978-ஆம் ஆண்டு ஜலந்தரில் சிவநாத் சிங் 2 மணி 12 நிமிடங்களில் மாரத்தானை நிறைவு செய்தார். இந்தத் தேசிய சாதனை 40 ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. கென்யாவின் கெல்வின் கிப்டம், 2023 அக்டோபர் 8-ஆம் தேதி சிகாகோவில் 2 மணி 35 வினாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 11 நிமிடம் 25 வினாடி. அதாவது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 16 வினாடி.

மூன்று அளவுகோல்கள்

மாரத்தான் திறனை மூன்று கூறுகளால் கணக்கிடலாம் என்று அமெரிக்க உடலியல் அறிஞர் மைக்கேல் ஜாய்னர் 1991-இல் விளக்கினார். முதலாவது, உடல் நுகரக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு (வி.ஓ.2 மேக்ஸ்). இரண்டாவது, ரத்தத்தில் லாக்டேட் வேகமாகச் சேரத் தொடங்கும் வரம்பு. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடுவதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவைக் குறிக்கும் 'ஓட்டச் சிக்கனம்'. மூன்றும் ஒரே வீரரிடம் உச்சத்தில் அமைந்தால் 1 மணி 57 நிமிடம் 58 வினாடியில் ஓட முடியும் என்பது அவரது கணிப்பு. இதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் நுகர்வு, உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 84 மில்லி லிட்டர்.

பிரிட்டனின் ஆண்ட்ரூ ஜோன்ஸ் தலைமையிலான குழு, முன்னணி வீரர்கள் 16 பேரைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த அளவு சராசரியாக 71 மட்டுமே. நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்கள் சிலரிடம் 90-க்கும் மேல் பதிவாகியுள்ளது. இரண்டு மணி நேர மாரத்தானுக்குரிய மணிக்கு 21.1 கி.மீ. வேகத்தில் ஓட, அந்த 16 பேருக்குச் சராசரியாக 67 மில்லி லிட்டர் ஆக்சிஜன் தேவைப்பட்டது. இது அவர்களது உச்ச அளவில் 94 சதவீதம். இந்த நிலையில் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே உண்மையான சவால்.

நான்காவது கூறு

எனவே, களைப்பு ஏறிய பிறகும் சிக்கனம் குலையாமல் ஓடும் 'நீடிப்புத் திறன்' நான்காவது கூறாக இப்போது கருதப்படுகிறது. சிகாகோவில் முதல் பாதியை 60 நிமிடம் 48 வினாடியில் கடந்த கிப்டம், இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 வினாடியில் முடித்தார். அவர் வாரத்துக்கு 250 கி.மீ.க்கும் மேல் பயிற்சி செய்ததாக அவரது பயிற்சியாளர் கூறியிருந்தார். 2024 பிப்ரவரியில் நிகழ்ந்த சாலை விபத்தில் கிப்டம், அந்தப் பயிற்சியாளர் இருவருமே உயிரிழந்தனர்.

காலணிகளின் பங்கையும் மறுக்க இயலாது. 2017-இல் அறிமுகமான கார்பன் தகடு பொருத்திய காலணி, ஓட்டத்துக்கான ஆற்றல் செலவைச் சராசரியாக 4 சதவீதம் குறைப்பதாக ஆய்வகச் சோதனை காட்டியது. சிவநாத் சிங்கின் காலத்தில் அத்தகைய உதவி இல்லை.

இந்தியாவுக்கான பாடம்

மெலிந்த கெண்டைக்கால் போன்ற பிறவிக்கூறுகள் சிக்கனத்துக்குத் துணைபுரிகின்றன. ஆயினும், ஓட்டச் சிக்கனமும் நீடிப்புத் திறனும் பல ஆண்டுத் தொடர் பயிற்சியால் மேம்படக்கூடியவை. ரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பெருக்க உதவும் மலை உயரமும் இந்தியாவுக்கு அரிதன்று. கென்ய வீரர்கள் பயிற்சி பெறும் இடென் நகரம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது என்றால், உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் கோபி தோனக்கல், கேதா ராம் ஆகியோர் முறையே 25, 26-ஆவது இடங்களைப் பிடித்தது, அடித்தளம் இருப்பதைக் காட்டியது. சில நிமிடங்களில் முடியும் ஆக்சிஜன் சோதனையை மட்டும் நம்பி இளம் வீரரைத் தேர்ந்தெடுப்பதோ ஒதுக்குவதோ இந்த அடித்தளத்தை வலுப்படுத்தாது. பத்தாண்டுகள் இடையறாது பயிற்சி பெறுவதற்கான வாழ்வாதாரமும் காயத் தடுப்பும் உறுதிசெய்யப்பட்டால்தான், கிலோமீட்டருக்கு 16 வினாடி என்ற இடைவெளி குறையும்.