அந்தக் குழந்தைக்கும் ஒரு தாய்மொழி உண்டு

பள்ளி மணி ஒலிக்கிறது. பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர். தமிழ்த்தாய் வாழ்த்து எழுகிறது. எல்லாருடைய உதடுகளும் அசைகின்றன, ஒரே ஒரு சிறுமியின் உதடுகளைத் தவிர! கடைசி வரிசையில், அளவுக்கு மிஞ்சிய சீருடைக்குள், முன்னே நிற்கும் பிள்ளையின் பின்னலையே பார்த்தபடி நிற்கிறாள் அவள். ஒடிசாவின் பலாங்கீர்ப் பகுதியிலிருந்து திருவள்ளூர் வட்டாரத்துச் செங்கற்சூளைக்குக் கல் அறுக்க வந்த குடும்பத்தின் மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊமையா அவள்? அல்ல! சூளையோரக் குடிசையிலே தம்பியை அதட்டத் தெரிந்தவள். தாயிடம் வாதாடத் தெரிந்தவள். பாட்டி சொன்ன கதையைப் பக்குவமாகத் திருப்பிச் சொல்லத் தெரிந்தவள். வகுப்பறை வாயிலைத் தாண்டியதும் அவள் வாய் அடைபட்டுப் போகிறது. அடைத்தது எது?

நாம் அறியாத கேள்வியா இது? நமக்கு விளங்காத மொழியை நம் பிள்ளையின் தலையிலே ஏற்றாதே என்று 1938-இலும் 1965-இலும் தமிழகம் கிளர்ந்தெழுந்தது. சிறைக்கோட்டம் ஏகினோர் உண்டு. உயிரையே ஈந்தோர் உண்டு. அன்று எடுத்துரைத்த வாதத்தின் ஆணிவேர் எது? குழந்தை உலகை முதன்முதல் அறிவது தாய்மொழியின் வாயிலாக. அந்த வாயிலை அடைத்துவிட்டு அறிவைப் புகட்டுவதாகக் கூறுவது வீண் வேலை என்பதுதானே? அந்த வாதம் தமிழ்க் குழந்தைக்கு மெய், ஒடியாக் குழந்தைக்குப் பொய் என்று கூற நமக்கு நா எழுமா? நம் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடும் நீதிக்கு நீதி என்று பெயரும் உண்டா?

"ஓகோ! அப்படியானால் தெருவுக்குத் தெரு இந்திப் பள்ளி திறக்கச் சொல்கிறீரோ?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். பொறுமையாகக் கேட்கட்டும். நாம் சொல்வது அதுவன்று.

முதலில் ஒரு தவறைத் திருத்திக்கொள்வோம். வடக்கிலிருந்து வந்தவர் அனைவரையும் "இந்திக்காரர்" என்கிறோமே, அது சரிதானா? பீகாரிலிருந்து வருபவர் வீட்டிலே பேசுவது போஜ்புரியாக இருக்கலாம், மைதிலியாக இருக்கலாம், மககியாக இருக்கலாம். ஜார்க்கண்டிலிருந்து வருபவர் சந்தாலி பேசலாம். மேற்கு வங்கத்தார் வங்காளி பேசுகின்றனர். ஒடிசாக்காரர் ஒடியா பேசுகின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கிலே, போஜ்புரியைத் தாய்மொழி என்று எழுதித் தந்த ஐந்து கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இந்தி என்னும் பெரிய மூட்டைக்குள் வைத்துக் கட்டப்பட்டனர். மைதிலியும் சந்தாலியும் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணைக்குள் இடம்பெறவே 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தி என்ற பெயரால் எத்தனை மொழிகள் மறைக்கப்படுகின்றன என்று மேடைதோறும் முழங்குபவர்கள் நாம். மேடையை விட்டு இறங்கியதும், அந்த மக்களைப் பார்த்து "இந்திக்காரர்" என்று நாமே முத்திரை குத்தினால், நம் வாதத்தை நம் கையாலேயே கிழித்துப் போட்டவர்கள் ஆகமாட்டோமா?

இனி, என்ன செய்வது என்று பார்ப்போம்.

இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் தவறான வழிகள். ஒன்று, "வந்தவன் தானே கற்றுக்கொள்வான்" என்று கைகழுவி விடுவது. மற்றொன்று, "அவன் பிள்ளைக்கு அவன் மொழியில் தனிக் கொட்டகை போட்டுக் கொடு, போதும்" என்று ஒதுக்கி வைப்பது.

முதல் வழியின் முடிவு என்ன? அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பள்ளிகளிலே, ஆங்கிலம் அறியாச் சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேர், எந்தத் தனி உதவியும் இன்றி ஆங்கில வகுப்பில் உட்கார வைக்கப்பட்டிருந்தனர். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1974-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடம் என்று தந்துவிட்டதால் மட்டும் சமத்துவம் ஆகிவிடாது, மொழி விளங்காத பிள்ளைக்கு அது கல்வியே ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரே அளவுச் செருப்பை ஊராருக்கெல்லாம் மாட்டிவிட்டு, "சமத்துவம் பாரீர்!" என்றால் நடப்பவன் கால் அல்லவா உண்மையைச் சொல்லும்?

இரண்டாம் வழியின் முடிவை அறிய நெடுந்தொலைவு போகவேண்டாம். நம் இரத்தத்தின் வரலாறே கூறும். கடல் கடந்து மலேயாவுக்குப் பால்மரம் சீவப் போனானே தமிழன், அவன் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திலே பள்ளி வைக்கவேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது. தமிழும் பிழைத்தது. இன்றும் மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதை நினைந்து நெஞ்சு நிமிர்கிறோம். ஆனால், அந்நாளில் பல தோட்டங்களிலே கங்காணியும் கணக்கெழுதுபவரும் ஆசிரியராக அமர்ந்த அந்தக் கொட்டகையில் சில வகுப்புகள் படித்த பிள்ளை, அதற்கு மேல் எங்கே போனான்? தோட்டத்துக்கு வெளியே வழங்கிய மொழிக்குப் பாலம் இல்லை. ஆகவே, அப்பன் பிடித்த கத்தியையே அவனும் பிடித்தான். தாய்மொழி இருந்தது, தாண்டிப் போகும் வழிதான் இல்லை!

ஆக, வேண்டுவது இரண்டும். வீட்டு மொழி வேண்டும், வேராக. ஊர் மொழியாம் தமிழ் வேண்டும், வழியாக. ஒன்றின் கையைப் பிடித்து மற்றொன்றுக்கு ஏறவேண்டும்.

நடக்கக்கூடியதா இது? நடத்திக் காட்டியிருக்கிறார்கள், நம் அண்டை வீட்டிலேயே! கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் "ரோஷ்ணி" என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பினானிபுரம் அரசுப் பள்ளி போன்ற, வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளிலே, அன்றாட வகுப்பு தொடங்குமுன் காலையில் ஒரு தனி வகுப்பு. பிள்ளையின் மொழியும் மலையாளமும் அறிந்த தொண்டர் ஒருவர், தெரிந்த சொல்லிலே தொடங்கித் தெரியாத சொல்லுக்கு அழைத்துச் சென்றார். பசியோடு வந்த பிள்ளைக்குச் சிற்றுண்டியும் கிடைத்தது. மந்திரமா, மாயமா? ஓர் ஆள், ஒரு காலை வகுப்பு, ஒரு பிடி உணவு! நம் திருவள்ளூர் மாவட்டத்திலும், சூளைகளை ஒட்டி ஒடியா அறிந்தவர்களைக் கொண்டு பணியிடப் பள்ளிகள் நடந்ததுண்டு. முயற்சி இல்லாமலில்லை, அது இன்னும் முறையாகவும் முழுமையாகவும் ஆகவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

சட்டம் துணை நிற்கிறதா? நிற்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய முயலவேண்டும் என்கிறது 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு. தெலுங்கு, உருது, கன்னடம், மலையாளம் பேசும் மக்களுக்கெனத் தமிழகத்தில் பள்ளிகள் உள்ளன. ஆனால், இன்று இங்கொருவர் அங்கொருவராகச் சிதறி வரும் புதியவர்களுக்கு மொழிக்கொரு பள்ளி கட்ட இயலாது. அதனால்தான் பாலம் என்கிறோம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வயதுச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்கவேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தி, விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி தரவேண்டும். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை.

சட்டம் ஏட்டிலே இருக்கிறது. சிறுமியோ சூளையிலே இருக்கிறாள்! ஏன்? பொங்கலை ஒட்டி வருகிறது அவள் குடும்பம். சூளைப் பருவம் முடிந்து மழைக்கு முன்னர் ஊர் திரும்புகிறது. அங்கே பாதி ஆண்டு, இங்கே பாதி ஆண்டு. இரு பதிவேட்டிலும் பெயர் உண்டு, இரண்டிலும் படிப்பு இல்லை. வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஆகவே, பச்சைக் கல்லைத் திருப்பிப் போடப் பிஞ்சுக் கரமும் தேவைப்படுகிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காள் வேண்டியிருக்கிறது. சூளையோரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தால், அக்காளின் கை விடுபடும்; பள்ளிக்கு வருவாள். தொட்டில் கட்டுவதும் கல்வித் தொண்டுதான், தோழர்களே!

"நம் பிள்ளைகளுக்கே ஆசிரியர் பற்றாக்குறை, வந்தவர்களுக்கு வேறு வாரி வழங்குவதா?" என்று சிலர் சீறுகின்றனர். அந்தச் சீற்றத்தில் ஓர் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆசிரியர் போதவில்லை என்றால், போதிய ஆசிரியர் வேண்டும் என்று அரசிடம் கேட்போம், எல்லாப் பிள்ளைகளுக்காகவும் கேட்போம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம் பாலங்களை, நம் மாடிகளை, நம் ஆலைகளை எழுப்பும் கரங்கள் அவர்களுடையவை. அந்த உழைப்பை அள்ளிக்கொண்டு, அவர்கள் பெற்ற பிள்ளையைச் செலவுக் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? படிக்காமல் வளரும் பிள்ளை, நாளை இன்னும் மலிவான கூலிக்கு நிற்கும் ஆளாகிறான். அப்போது யாருடைய கூலி குறையும்? தமிழ்த் தொழிலாளியின் கூலியும்தான்!

"தமிழ் என்னாவது?" என்று கவலைப்படுவோரும் உண்டு. தமிழுக்கு இதனால் ஆக்கமே தவிரக் கேடு இல்லை. கற்பிக்காமல் கட்டாயப்படுத்துவதுதான் கேடு. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் நல்ல நோக்கம் கொண்டது. எனினும், அதன்வழி படித்த முதல் அணி 2016-இல் பத்தாம் வகுப்புத் தேர்வை நெருங்கியபோது, மொழிச் சிறுபான்மை மாணவர் பலர் நீதிமன்றத்தின் வாயிலாக விலக்குப் பெற்றனர். சட்டம் தமிழைப் பாடவேளையில் எழுதிவைக்கும். பிள்ளையின் நெஞ்சில் எழுதுவதற்கு ஆசிரியர்தான் வேண்டும். அன்போடு கற்பித்த தமிழ், அந்தப் பிள்ளையோடு பலாங்கீர் வரை பயணம் போகும்.

2023 மார்ச்சிலே, வெளிமாநிலத் தொழிலாளர் இங்கே தாக்கப்படுகின்றனர் என்று போலிப் படங்கள் பரப்பப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துச் செல்லும் அளவுக்குப் பதற்றம் மூண்டது. ஒருவர் பேச்சை மற்றவர் அறியாத இடத்தில்தான் பொய்க்குக் கால் முளைக்கிறது. அக்கம்பக்கத்தில் தமிழ்த் தோழி இருக்கும் சிறுமியின் வீட்டிலே அந்தப் பொய் அரைநாள்கூடத் தங்கியிராது.

எனவே, அரசு செய்யட்டும் என்று காத்திராமல், நாம் செய்யத்தக்கதைத் தொடங்குவோம். உங்கள் கிளையின் எல்லைக்குள் உள்ள சூளை, ஆலை விடுதி, கட்டடக் கொட்டகை எல்லாவற்றுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தலைமையாசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். சான்றிதழ் கேட்டால் சட்டத்தை எடுத்துக் கூறுங்கள், சண்டையாக அன்று, துணையாக. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அந்தத் தாயை அழையுங்கள். அவர் மொழி அறிந்த ஒருவரை அருகில் அமர்த்துங்கள். 1956-இல் விரிந்த மதிய உணவும், 1982-இன் சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் தம் பிள்ளைக்கும் உரியவை என்று அந்தத் தாய்க்கு யாரேனும் சொன்னால்தானே தெரியும்?

நம் படிப்பகங்கள் இருக்கின்றனவே! நாளேடு படித்து நாட்டு நடப்பு அறிந்த இடம் அது. எழுத்தறியாத் தோழன் பிறர் படிக்கக் கேட்டு அறிவு பெற்ற இடம் அது. மாலையில் ஒரு மணி நேரம் அதன் கதவைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். தமிழ்ப் பிள்ளையும் ஒடியாப் பிள்ளையும் ஒரே பாயில் அமரட்டும். "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று அவளைக் கேளுங்கள். அவள் மொழியில் ஒரு சொல்லை நாம் கற்கும்போதுதான், நம் மொழியில் நூறு சொற்களைக் கற்கும் துணிவு அவளுக்குப் பிறக்கும்.

தோழர்களே! நமது மொழிக்கு உரிமை கேட்ட நாளில், எந்த மொழியின்மீதும் நாம் பகை பாராட்டவில்லை என்றோம். சொன்னது மெய்யென்று மெய்ப்பிக்கும் வாய்ப்பு இன்று கடைசி வரிசையிலே நிற்கிறது. பெரிய சீருடைக்குள் இருக்கும் அந்தச் சின்னஞ்சிறு உருவத்தைத் தேடிச் செல்லுங்கள். நாளைக் காலை வாழ்த்துப் பாடும்போது, அவள் உதடும் அசையட்டும். அச்சத்தினால் அல்ல, பொருள் விளங்கி!