ஆசிரியர் கற்கும் பாடசாலை

தச்சர் தம் தொழிலைப் பலர் காணச் செய்கின்றார். வைத்தியர், நோயின் தன்மை தெளிவாகாதவிடத்து, இன்னொரு வைத்தியரைக் கலந்துகொள்கின்றார். ஆசிரியரோ பெரும்பாலும் தனித்தே தொழில் புரிகின்றார். வகுப்புத் தொடங்கியபின் உள்ளே நடப்பதை அவரும் அவருடைய மாணாக்கருமே அறிவர். முப்பது ஆண்டு கற்பித்து இளைப்பாறும் ஆசிரியர் ஒருவர், அடுத்த அறையில் அதே பாடத்தைக் கற்பித்த நண்பரின் வகுப்பில் ஒரு நாளேனும் முழுமையாக இருந்து பார்த்ததில்லை என்றால், அது வியப்பன்று. இத்தனிமையால் நேரும் நட்டம் பிள்ளைகளையே சேர்கின்றது. விளங்காத பிள்ளை விளங்கியதுபோலத் தலையசைக்கின்றது. அயலிலுள்ளவரின் கொப்பியைப் பார்த்து விடையெழுதுகின்றது. ஏன் விளங்கவில்லை என்பதை ஒருவரும் அறியாமலே மேல்வகுப்புக்கு ஏறிவிடுகின்றது.

தம் வகுப்பிற் பிறர் வந்திருப்பதை ஆசிரியர் விரும்பாமைக்கும் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இலங்கையில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்கு, மாணாக்கர் பரீட்சையிற் பெற்ற சித்தியைப் பொறுத்துப் பணம் அளிக்கும் முறை இருந்தது. வித்தியாதரிசி வந்து பிள்ளைகளைச் சோதிக்கும் நாள், பாடசாலையின் வரும்படியை நிருணயிக்கும் நாளாயிற்று. அம்முறை நீங்கி நெடுங்காலம் சென்றுவிட்டது. எனினும், வகுப்புக்கு வருபவர் குற்றங்காணவே வருகின்றார் என்னும் அச்சம் எளிதில் நீங்குவதன்று. குற்றங்காணாமற் கூடியிருந்து பார்ப்பதற்கு வழியுண்டா?

உண்டு என்பதற்கு யப்பான் நாடு சான்றாக நிற்கின்றது. புதிய கல்விமுறையை வகுத்த 1872 ஆம் ஆண்டிலேயே அந்நாடு டோக்கியோ நகரில் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையொன்றையும் நிறுவியது. வகுப்பு முழுவதற்கும் ஒருங்கே கற்பிக்கும் முறை அங்கு அன்று புதிது. அதனைப் பழகும்பொருட்டு, ஒருவர் கற்பிக்க ஏனையோர் இருந்து பார்ப்பது வழக்கமாயிற்று. அது வளர்ந்து இன்று ‘ஜுகியோ கென்கியூ’ என வழங்குகின்றது. பாட ஆராய்ச்சி என்பது அதன் பொருள். கருத்துரைக்க வெளியிலிருந்து அறிஞர் ஒருவர் அழைக்கப்படுவதுண்டு. ஆனால் பாடசாலைக்குள் அதனை நடத்துபவர், அங்கே கற்பிக்கும் ஆசிரியருள் ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்ற ஒருவரே.

அவர்கள் செய்வதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். முதலாம் வகுப்பில் 13 இலிருந்து 9 ஐக் கழிக்கும் பாடம் கற்பிக்க வேண்டியுள்ளது. ஆசிரியர் குழு கூடி, முதலில் எண்களையே ஆராய்கின்றது. 13 இலிருந்து 9 ஐக் கழிக்கக் கொடுத்தால், பத்திலிருந்து ஒன்பதைக் கழித்து, மீந்த ஒன்றை மூன்றோடு கூட்டும் வழி பிள்ளைகளுக்கு எளிதிற் புலப்படும். 11 இலிருந்து 2 ஐக் கழிக்கக் கொடுத்தாலோ, முதலில் ஒன்றைக் கழித்துப் பத்தாக்கி, பின்னும் ஒன்றைக் கழிப்பதே எளிதாகத் தோன்றும். எண் மாறினால் பிள்ளையின் சிந்தனையும் மாறும் என்பதை அவர்கள் முன்னரே எண்ணிப் பார்க்கின்றனர்.

சில பிள்ளைகள் 6 என்று விடை கூறவுங்கூடும். மூன்றிலிருந்து ஒன்பதைக் கழிக்க இயலாமையால் ஒன்பதிலிருந்து மூன்றைக் கழித்துவிட்டனர். இது கவனக்குறைவன்று. பெரிய எண்ணிலிருந்தே சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாமே முன்னொருநாள் சொல்லிக் கொடுத்தோம்; பிள்ளை அச்சொல்லைக் காப்பாற்றியது! இதனைத் தனியே இருக்கும் ஆசிரியர் பிழையென்று சிவப்பு மையாற் கோடிட்டு அப்பாற் செல்வார். கூடியிருந்து ஆராய்வோர், அப்பிழை எங்கிருந்து வந்ததென்று காண்பர்.

குறித்த நாளில் ஒருவர் கற்பிக்கின்றார். மற்றை வகுப்புப் பிள்ளைகள் நேரத்தோடு வீடு செல்ல, அவ்வொரு வகுப்பு மாத்திரம் இருக்கும். ஏனைய ஆசிரியர் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரோரமும் மேசைகளின் இடையிலும் நின்று பார்ப்பர். அவர்கள் பார்ப்பது ஆசிரியரையன்று, பிள்ளைகளை. எந்தப் பிள்ளை எவ்விடத்தில் எழுதுகோலை நிறுத்தியது, எந்தப் பிள்ளை விரல்விட்டு எண்ணியது என்பனவற்றைக் குறித்துக்கொள்வர். கரும்பலகையில் எழுதியவை பாடம் முடியும்வரை பெரும்பாலும் அழிக்கப்படுவதில்லை. பிழையான விடையும் சரியான விடையும் அருகருகே நிற்க, பிள்ளைகள் ஒப்பிட்டு நோக்குவர்.

பின்னர் நடைபெறும் கூட்டத்தில், கற்பித்தவரே முதலிற் பேசுகின்றார். தாம் எண்ணியது யாது, நடந்தது யாது என்பதை அவர் கூறியபின், மற்றையோர் தாம் கண்டவற்றைக் கூறுகின்றனர். பாடத்திட்டம் குழு முழுவதற்கும் உரியதாகையால், குறையும் குழு முழுவதற்கும் உரியதே. இங்கேதான் தலைமை தாங்கும் ஆசிரியரின் திறன் வெளிப்படும். “நன்றாயிருந்தது” என்ற வெறும் புகழுரையையும் அவர் தடுத்தல் வேண்டும். மனத்தைப் புண்படுத்தும் கடுஞ்சொல்லையும் தடுத்தல் வேண்டும். பேச்சு பிள்ளையின் கொப்பியை விட்டு விலகும்போதெல்லாம் அதனை மீட்டுக் கொணர்தல் வேண்டும். இது பதவியால் வரும் அதிகாரமன்று. தாமும் தம் வகுப்பைப் பிறர் பார்க்கத் திறந்து வைப்பதால் வரும் மதிப்பாகும்.

ஜேர்மனி, யப்பான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் 1995 ஆம் ஆண்டளவில் எட்டாம் வகுப்புக் கணித பாடங்கள் 231 படம் பிடிக்கப்பட்டு ஆராயப்பட்டன. அவ்வாராய்ச்சியை ஆதாரமாகக் கொண்டு ஸ்டிக்லர், ஹீபர்ட் என்னும் அமெரிக்கர் இருவர் 1999 இல் எழுதிய நூலின்பின், பாட ஆராய்ச்சி பல நாடுகளிலும் பரவலாயிற்று.

ஆயினும், யப்பானில் எல்லாம் நன்றென்று நாம் கூற வரவில்லை. 2018 ஆம் ஆண்டின் சர்வதேச ஆய்வொன்றின்படி, அங்கே இடைநிலைப் பாடசாலை ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தனர். ஆய்விற் பங்குகொண்ட நாடுகளின் சராசரி ஏறக்குறைய 38 மணியே. களைத்த ஆசிரியர் மேலும் ஒரு கூட்டத்தால் எதனைக் கற்பார்? நேரசூசியில் இடமளியாது ‘குழு அமையுங்கள்’ என்று கட்டளையிடுவது, நல்ல மரத்தை வெந்நீரூற்றி வளர்ப்பதை ஒக்கும்.

பாடசாலையை அடிப்படையாகக் கொண்ட ஆசிரியர் அபிவிருத்தி என்னும் ஏற்பாடு நம் நாட்டிலும் உண்டு. ஆசிரிய ஆலோசகர்களும் உளர். ஆனால் படிவம் நிரப்பிக் கோவையில் இடுவதோடு அது நின்றுவிடுமாயின் பிள்ளைக்குப் பயனில்லை. பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. ஒரே பாடம் கற்பிக்கும் ஆசிரியர் மூவர், தவணைக்கு ஒரு பாடம், அதற்கென அதிபர் ஒதுக்கும் இரண்டொரு பாடவேளை: தொடங்குவதற்கு இவை போதும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். ஆசிரியர் கூடிக் கற்பதற்காகப் பிள்ளைகள் நேரத்தோடு வீடு வந்தால், ‘படிப்பிக்க வேண்டியவர்களுக்கும் படிப்பா?’ என்று பிள்ளைகள் கேட்க நகையாடாதிருப்போம். மாணவரே, உங்கள் பிழையான விடையை மறைத்து அழித்துவிடாதீர்கள். உங்கள் ஆசிரியர் கற்க வேண்டிய பாடம் அதிலே எழுதப்பட்டிருக்கலாம்.