கூச்சத்துக்கு லேகியம் கிடையாது!

பல்வலி வந்தால் தெருவுக்கே சொல்லும் ஆண்பிள்ளை, விதைப்பையில் வலி வந்தால் மட்டும் மூச்சு விடமாட்டான். பைக் சீட் சரியில்லை, சூடு பிடித்துவிட்டது என்று மாதக்கணக்கில் ஓட்டுவான். ஒருவழியாக டாக்டரிடம் போனாலும், பக்கத்தில் நர்ஸ் நின்றால் போச்சு... "அடிவயித்துல வலி சார்" என்பான். அவரும் வயிற்றுக்கு மாத்திரை எழுதுவார்!

இந்தக் கூச்சத்தை வைத்துத்தான் லாட்ஜில் ரூம் போடும் 'பரம்பரை வைத்தியர்கள்' காசு பார்க்கிறார்கள். வலி என்று போனவனிடம், "தம்பிக்கு சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டா?" என்று ஆரம்பித்து, ஆயிரக்கணக்கில் லேகியத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஆண்மை விருத்தி மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டாயிற்று. பஸ் ஸ்டாண்டு சுவர்களுக்கு அது இன்னும் தெரியாது போலிருக்கிறது. (தமிழக அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்குக் காசே கிடையாது. லேகியத்துக்கு எத்தனை ஆயிரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.)

மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவிட்டோ தொடர்ந்தோ வலித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். விதைக்கு மேலே ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசில், விதையை ஒட்டிய குழாயில் அழற்சி, குடலிறக்கம், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனின் பின்விளைவு என்று காரணங்கள் பல. சிறுநீர்க் குழாயில் கல் இருந்தால்கூட வலி கீழே இறங்கும். சிறுநீர்ப் பரிசோதனை, டாப்ளர் ஸ்கேன் இரண்டிலும் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தெரியாமல் போனால்? அங்கேதான் வம்பு. "ஸ்கேன் நார்மல், எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்புவதும் தப்பு, தொற்றே இல்லாதவனுக்கு ஆன்டிபயாடிக் கோர்ஸ் மேல் கோர்ஸ் எழுதுவதும் தப்பு. பலருக்குக் காரணம் பிடிபடுவதே இல்லை, ஆனால் வலி நிஜம். அதற்கும் யூராலஜி டாக்டர்களிடம் வழி இருக்கிறது. தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, வலி மாத்திரை, நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், காபாபென்டின், இடுப்புத் தசைக்கு பிசியோதெரபி என்று படிப்படியாகப் போவார்கள். எதற்கும் அடங்காவிட்டால், விதைக்கு ரத்தக்குழாயும் நரம்பும் போகும் வடத்தில் மரத்துப்போகும் ஊசி. அதில் வலி நின்றால், அந்த நரம்புகளை மட்டும் மைக்ராஸ்கோப் வைத்துத் துண்டிக்கும் ஆபரேஷனால் பலன் இருக்கும் என்று நம்பலாம்.

விதையையே எடுப்பது கடைசியிலும் கடைசி. எடுத்த பிறகும் சிலருக்கு வலி போவதில்லை. அதனால் "எடுத்துப் போட்டுடலாம்" என்று எடுத்த எடுப்பில் யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

இவ்வளவும் நாள்பட்ட வலிக்குத்தான். திடீரென்று ஒரு பக்கம் உயிர் போகிற மாதிரி வலித்து, குமட்டலும் சேர்ந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். விடியட்டும் என்று படுக்காமல், ராத்திரி ரெண்டு மணியானாலும் அப்பாவை எழுப்ப வேண்டியதுதான்.