புதிய காரின் காலைப் புகை: கண்டறியும் பொறுப்பு யாருடையது?

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக மூடப்பட்டிருந்த வாகன இறக்குமதியின் கதவுகள் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தனியார் பாவனைக்கான கார்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 2020 மார்ச்சில், கொவிட் பெருந்தொற்றின் ஆரம்பத்தோடு அந்நியச் செலாவணியைப் பாதுகாக்கும் நோக்கில் விதிக்கப்பட்ட தடை, 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியினால் மேலும் நீடித்திருந்தது. தடை நீங்கியபோது சுங்கத் தீர்வை, உற்பத்தித் தீர்வை, சொகுசு வரி, அவற்றின் மீது 18 சதவீத பெறுமதி சேர் வரி என ஒன்றன்மேல் ஒன்றாக வரிகள் அடுக்கப்பட்டன. இதன் விளைவாக, நடுத்தர வர்க்கக் குடும்பமொன்று ஒரு சிறிய காரை வாங்குவதற்கும் வாழ்நாள் சேமிப்பையும் பல ஆண்டுக்கால லீசிங் கடனையும் ஒருங்கே ஈடுவைக்க வேண்டிய நிலை உருவாகியுள்ளது என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்வாறு வாங்கப்படும் கார், வீட்டு முற்றத்தில் ஒரு காலை வேளையில் தொடக்கப்படும்போது புகைக் குழாயிலிருந்து புகை கிளம்பினால் அக்குடும்பத்தின் நிலை என்னவாகும்? விற்பனையாளர், "புதிய வாகனம்தானே, இது வழமை" என்பார். அயலிலுள்ள கராஜில் காட்டினால், "என்ஜினைக் கழற்றிப் பார்க்க வேண்டும்" என்பார்கள். இவ்விரு பதில்களும் தவறாக இருக்கக்கூடும். முன்னையது உண்மையான குறைபாட்டை மூடி மறைக்கலாம். பின்னையது குறைபாடே இல்லாத என்ஜினுக்குக் குறைபாட்டை உண்டாக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையில் பாவனையாளருக்குத் துணைநிற்கும் ஏற்பாடு எதுவும் எமது நாட்டில் இல்லை என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய விடயமாகும்.

முதலில் புகையைப் பற்றிய தெளிவு அவசியமாகின்றது. குழாயிலிருந்து வெளிவரும் வெண்மை அனைத்தும் புகையன்று. ஒரு லீற்றர் பெற்றோல் முழுமையாக எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளியேறுகின்றது. இரவு முழுவதும் குளிர்ந்திருந்த குழாயில் அந்த ஆவி பட்டதும் ஒடுங்கி, மெல்லிய வெண்ணிற மூட்டமாகத் தெரிகின்றது. குழாயின் முனையிலிருந்து நீர் சொட்டுவதுமுண்டு. நுவரெலியாவின் பனிக் காலையில் இது நன்கு தெரியும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மழைக்கால அதிகாலைகளில் ஓரளவு தெரியும். மணமின்றி, சில நிமிடங்களில் தானாகவே மறைந்துவிடும் இந்த ஆவி குறித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் வெண்மை அடர்ந்து, குழாய் சூடேறிய பின்னரும் நீடித்து, இனிப்புக் கலந்த ஒரு மணத்தைக் கொடுக்குமாயின் அது வேறு கதை. என்ஜினைக் குளிர்விக்கும் திரவம் எரியறைக்குள் கசிகின்றது என்பதே அதன் பொருள். என்ஜின் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள 'கஸ்கற்' பழுதடைந்திருக்கலாம். என்ஜின் தலையில் வெடிப்பு ஏற்பட்டிருக்கலாம். குளிர்விக்கும் திரவத்தின் மட்டம் நாளுக்கு நாள் குறைந்து, வெளியே எங்கும் ஒழுக்குத் தென்படாவிட்டால் ஐயம் உறுதியாகின்றது. அழுத்தப் பரிசோதனையின் மூலமும், அத்திரவத்தில் எரிவாயு கலந்துள்ளதா எனக் காட்டும் இரசாயனப் பரிசோதனையின் மூலமும், என்ஜினைக் கழற்றாமலேயே இதனைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம்.

நீல நிறப் புகை, என்ஜின் ஒயில் எரிகின்றது என்பதன் அடையாளமாகும். இங்கு புகை தோன்றும் வேளைதான் முக்கியம். இரவு நிறுத்திவைத்துக் காலையில் தொடக்கும்போது மட்டும் சில விநாடிகள் தோன்றி மறைந்தால், வால்வுத் தண்டுகளிலுள்ள சீல்களின் ஊடாக ஒயில் கீழிறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வேகத்தைக் கூட்டும்போது தொடர்ந்து தோன்றினால் பிஸ்டன் ரிங்குகள் மீது ஐயம் எழுகின்றது. டேர்போ பொருத்தப்பட்ட என்ஜின்களில் அந்தப் பாகத்தின் ஊடாகவும் ஒயில் கசியலாம். எனினும் சேவிஸின்போது ஒயிலை அளவுக்கு மீறி ஊற்றிவிடுவது, என்ஜினுக்குள் சேரும் வாயுக்களை மீண்டும் உறிஞ்சும் சிறிய வால்வு அடைபட்டுப்போவது போன்ற மலிவான காரணங்களும் இதே புகையைத் தரக்கூடும். ஒரு சிறிய வால்வை மாற்றித் தீர்க்கக்கூடிய பிரச்சினைக்காக முழு என்ஜினையும் கழற்றுவதைப் போன்ற வீண்செலவு வேறெதுவுமில்லை.

கரும்புகை, எரிபொருள் தேவைக்கு அதிகமாகச் செல்கின்றது என்பதைக் காட்டுகின்றது. குளிர்ந்த என்ஜினைத் தொடக்கும்போது கணினி வேண்டுமென்றே எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கின்றது. ஆதலால் எரிபொருளை நேரடியாக எரியறைக்குள் பீச்சும் நவீன பெற்றோல் என்ஜின்களில் தொடக்கத்தில் சிறிதளவு கரித்துகள் வெளியேறுவது இயல்பே. என்ஜின் சூடேறிய பின்னரும் அது தொடருமாயின், ஒழுகும் இன்ஜெக்டர், பிழையான தகவலைத் தரும் வெப்ப உணரி, அடைபட்ட காற்று வடிகட்டி ஆகியவற்றை ஆராய வேண்டும்.

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் யாழ்ப்பாணத்துப் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் சிறிதளவு பெற்றோலினால் தொடக்கப்பட்டு மண்ணெண்ணெயினால் ஓட்டப்பட்டதை அறிந்தவர்கள், புகையின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே என்ஜினின் உடல்நிலையைச் சொல்லக்கூடியவர்களாக இருந்தனர். இன்றைய கார்களோ தமது நோயை மறைக்கும் ஆற்றல் கொண்டவை. புகைக் குழாயில் பொருத்தப்பட்டுள்ள வினையூக்கி மாற்றி என்னும் பாகம், ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டிய பின்னரே தனது பணியை முறையாகச் செய்கின்றது. அதன்பின் சிறிதளவு ஒயில் எரிந்தாலும் அந்தப் புகையை அதுவே எரித்து, கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகின்றது. ஆகவே குளிர்ந்த என்ஜின் தொடக்கப்படும் முதல் ஓரிரு நிமிடங்களே கார் உண்மை பேசும் வேளை எனலாம். ஹைபிரிட் கார்களில் இந்த வேளையைத் தவறவிடுவது மேலும் எளிது. பொத்தானை அழுத்தியவுடன் என்ஜின் இயங்காமல், சில விநாடிகளின் பின்னரோ வாகனம் நகரத் தொடங்கிய பின்னரோ இயங்குவதால், முதற் புகையை எவரும் காண்பதில்லை.

எமது பரிசோதனை முறைமைகள் அனைத்தும் தவறவிடுவது துல்லியமாக இந்த வேளையைத்தான். 2008ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ், வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் பெறுவதற்குப் புகைச் சான்றிதழ் அவசியமாகும். வளி மாசடைவதைக் கட்டுப்படுத்தும் நோக்கில் அத்திட்டம் பாராட்டத்தக்கது. ஆனால் அங்கு வாகனம் பரிசோதிக்கப்படுவது என்ஜின் சூடேறிய நிலையிலாகும். பரிசோதனை நிலையத்திற்கு வாகனத்தை ஓட்டிச் செல்லும்போதே என்ஜின் சூடேறிவிடுகின்றது. காலையில் நீலப் புகை கக்கிய கார் பிற்பகலில் சித்தியடைந்து சான்றிதழ் பெறுவதில் வியப்பில்லை. அச்சான்றிதழ் சுற்றாடலுக்கானது; வாகனத்தின் ஆரோக்கியத்திற்கானதன்று. இந்த வேறுபாட்டை அறியாத பாவனையாளரிடம், "புகைப் பரிசோதனையில் சித்தியடைந்த வாகனம்" எனக் கூறி வாயடைப்பது எளிதாகின்றது.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார்களின் நிலையும் இதுவே. 2025இல் இறக்குமதி மீள ஆரம்பிக்கப்பட்டபோது, மூன்று வருடங்களுக்கு உட்பட்ட பாவித்த கார்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. இவற்றை நாம் 'ரீகண்டிஷன்' என்று அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அவற்றின் என்ஜினை எவரும் திறந்து சீரமைப்பதில்லை. ஏல விற்பனைத் தாளில் காணப்படும் தர எண், உடற்பகுதியின் கீறல்களையும் உள்ளகத்தின் தூய்மையையும் விபத்துப் பழுதுகளையும் பற்றிப் பேசுகின்றதேயன்றி, முந்தைய உரிமையாளர் உரிய காலத்தில் ஒயிலை மாற்றினாரா என்பதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. அதன் பின்னர் கப்பலிலும் துறைமுகத்திலும் விற்பனை நிலையத்திலும் வாரக்கணக்கில் கார் அசையாமல் நிற்கின்றது. வாங்குபவர் வந்து பார்க்கும் வேளையில் என்ஜின் முன்னரே தொடக்கப்பட்டுச் சூடேறியிருப்பதும் வழமையானதே.

முற்றிலும் புதிய வாகனத்தை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என எண்ணுவதும் பொருந்தாது. 2018ஆம் ஆண்டு சீனாவில் ஹொண்டா நிறுவனத்தின் 1.5 லீற்றர் டேர்போ என்ஜின் பொருத்தப்பட்ட புதிய கார்களில், குளிர் மிகுந்த பிரதேசங்களில் குறுந்தூரம் மட்டுமே ஓடும்போது பெற்றோல் ஒயிலுடன் கலந்து ஒயில் மட்டம் உயர்வதாக முறைப்பாடுகள் எழுந்தன. அந்நாட்டின் தரக் கண்காணிப்பு அமைப்பு, நிறுவனம் முதலில் முன்வைத்த மீளழைப்புத் திட்டத்தைப் போதாதென்று நிராகரித்தது. நிறுவனம் தனது சீ.ஆர்.-வீ. கார்களின் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் நேர்ந்தது. இதில் எமக்குப் பாடமாக அமைவது கோளாறு அன்று. தனித்தனியே முறையிட்ட பாவனையாளரின் குரலை ஓர் அரச அமைப்பு ஒன்றுசேர்த்துக் கேட்டது என்பதே கவனத்திற்குரியது.

எமது நாட்டில் சட்டமே இல்லை எனக் கூறிவிட முடியாது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கப்படும் பொருளின் தரம் குறித்த உட்கிடையான நிபந்தனைகளைக் கொண்டுள்ளது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் கொண்டது. ஆனால் குறைபாடு வாகனம் கையளிக்கப்பட்ட வேளையிலேயே இருந்தது என்பதை நிரூபிக்கும் சுமை நடைமுறையில் வாங்கியவரின் தோளிலேயே விழுகின்றது. காலையில் சில விநாடிகள் தோன்றி மறையும் புகையை அவர் எங்கு, எவ்வாறு நிரூபிப்பது?

சிங்கப்பூர் இந்தச் சிக்கலுக்கு 2012 செப்டெம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின் மூலம் விடை கண்டது. பொருள் கையளிக்கப்பட்டு ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறைபாடு, கையளிக்கப்பட்டபோதே இருந்ததாகச் சட்டம் அனுமானிக்கின்றது. அவ்வாறன்று என நிரூபிக்க வேண்டியவர் விற்பனையாளர். பாவித்த வாகனங்களுக்கும் இது பொருந்தும். கார் வாங்குவது எம்மைப் போன்றே மிகுந்த செலவுக்குரிய விடயமாக உள்ள ஒரு நாட்டின் இந்த ஏற்பாடு எமக்கும் உகந்ததே.

விற்பனையாளர் தரப்பிலும் நியாயமுண்டு. வெளிநாட்டு ஏலத்தில் ஏமாற்றப்படும் சிறு இறக்குமதியாளர்களும் உள்ளனர். நீராவியைக் கண்டு அஞ்சி வாகனத்தைத் திருப்பியளிக்க விழைவோரும் இருக்கக்கூடும். இரு தரப்பினரையும் பாதுகாக்கக்கூடிய எளிய வழி, கையளிப்பதற்கு முன்னர் குளிர்ந்த நிலையில் என்ஜினைத் தொடக்கி, ஒயிலினதும் குளிர்விக்கும் திரவத்தினதும் மட்டங்களையும் கணினியில் பதிவாகியுள்ள கோளாறுக் குறியீடுகளையும் ஓர் அறிக்கையில் பதிந்து இரு தரப்பும் கையொப்பமிடுவதாகும். இதற்குப் பெருஞ்செலவோ புதிய இயந்திரங்களோ தேவையில்லை. வாகனத்தின் பெறுமதியில் பெரும் பங்கை வரியாக அறவிடும் அரசு, இத்தகைய அறிக்கையொன்றைக் கட்டாயமாக்குவதற்குத் தயங்க வேண்டிய காரணமும் இல்லை.

அதுவரை பாவனையாளர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். கார் வாங்கும்போது முன்கூட்டியே என்ஜினைத் தொடக்க வேண்டாம் எனக் கேட்டு, காலையிலேயே சென்று பார்ப்பது நன்று. வாங்கிய பின்னர் புகை தென்பட்டால், சமதரையில் இரவு முழுவதும் நிறுத்திய காரை மறுநாள் திறந்த வெளியில் தொடக்கி, வேறொருவரைக் கொண்டு பின்புறத்தைத் திகதியுடன் காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும். மூடிய கராஜுக்குள் இதனைச் செய்வது உயிருக்கே ஆபத்தானது. ஒரு வார காலம் நிறம், நீடிக்கும் நேரம், ஓடிய கிலோமீற்றர், ஒயில் மற்றும் குளிர்விக்கும் திரவத்தின் மட்டங்கள் ஆகியவற்றைக் குறித்துவர வேண்டும். என்ஜின் சூடாக உள்ளபோது றேடியேற்றர் மூடியைத் திறக்கலாகாது. ஒயில் மட்டம் குறைவது மட்டுமன்றி, உயர்ந்து பெற்றோல் மணப்பதும் கோளாறே. குறைபாடு உறுதியானால், வேறெவரும் என்ஜினைக் கழற்றுவதற்கு முன்னர் விற்பனையாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கழற்றப்பட்ட என்ஜின் சான்றாக நிற்காது; உத்தரவாதமும் கைநழுவக்கூடும். அதிகாரசபைக்கான முறைப்பாட்டுக்குக் கால எல்லை உண்டென்பதால் வாய்மொழி உறுதிகளை நம்பிக் காலத்தைக் கடத்துவதும் உகந்ததன்று.

எரியும் ஒயிலிலுள்ள பொஸ்பரஸ் போன்ற பொருட்கள் நாளடைவில் வினையூக்கி மாற்றியையும் செயலிழக்கச் செய்கின்றன. அதன் பின்னர் புகைச் சான்றிதழும் கிடைக்காது. அப்போது தண்டிக்கப்படுபவர் வாங்கியவரே. குறைபாட்டை உருவாக்கியவரும் அதனை மறைத்து விற்றவரும் தப்பித்துக்கொள்ள, அறியாமல் வாங்கியவர் வீதியில் நிறுத்தப்படும் முறைமை நீதியானதாக இருக்க முடியாது. கடனையும் வரியையும் செலுத்தி ஒரு காரைப் பெறும் குடிமகனுக்கு, அதன் முதற் காலையின் உண்மையை அறியும் உரிமையேனும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களமும் இது குறித்துக் கூட்டாக ஆராய்வது காலத்தின் தேவையாகும்.